எந்த ஆட்டம் பெரிய ஆட்டம்?

மடத்துக்குளத்திலிருந்து தெற்கே திரும்பி அமராவதி ஆற்றங்கரையை நோக்கிப் போனால் கொமரலிங்கம் வரும். ராஜவாய்க்கால் பாயும் ஊர். ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கம் தென்னந்தோப்பு. திருப்பூர் ஜில்லாவில் இருப்பதால் பனியனும் பஞ்சாலையும் ஊர்ப் பேச்சில் எப்போதும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினால், "இதென்ன வேடிக்கை!" என்றுதான் சிரிப்பீர்கள்.

சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். கபடியில் எந்த மாட்ச் பிரமாதம், கிரிக்கெட்டில் எந்த மாட்ச் அபாரம் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சண்டை நடக்கிறதல்லவா? அதே சண்டை அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி வருஷா வருஷம் நடக்கிறது. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும். தாத்தா, பேரன், அத்தை, மருமகன் எல்லோரும் டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். "இதுவரை நடந்ததில் எது மிகப் பெரிய ஆட்டம்?" என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரு பதில்.

நம் ஊர் வழக்கப்படி இதையே ஒரு பட்டிமன்றமாக வைத்துப் பார்ப்போம். நடுவர் நாற்காலி உங்களுக்கு. கட்சிகள் நான்கு. தீர்ப்புக்கும் நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

முதலில் ஆட்டத்தின் ஜாதகம். 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே அடைந்து கிடந்த வாலிபர்களுக்கு ஏதாவது ஆட்டம் கொடுக்க வேண்டும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் பீச் பழக்கூடைகள் இரண்டை எடுத்துப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேர் என்று ஆட விட்டார். கூடைக்கு அடி இருந்தது. பந்து உள்ளே விழுந்தால் ஏணி வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து என்று சொல்லுவார்கள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினிகள் சிலர் இதை எட்டிப் பார்த்தார்கள். "நாங்களும் ஆடலாமா?" என்று கேட்டார்கள். "ஆடலாமே!" என்றார் நெய்ஸ்மித். அப்படி முதன்முதல் ஆடிய பெண்களில் மாட் ஷெர்மன் என்பவரும் ஒருவர். 1894-ல் அவரே திருமதி நெய்ஸ்மித் ஆனார்!

அதே 1894-ல், முதல் ஆட்டத்தில் ஆடிய டங்கன் பாட்டன் இந்தியாவுக்கு வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார். பின்னர் 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகவே ஆட்டம் நமக்கு அந்நியமல்ல.

இப்போது பக்கத்துக்கு ஐந்து பேர். கூடை போய் வளையம் வந்துவிட்டது. உயரம் மட்டும் அதே பத்தடி. பந்து வளையத்துக்குள் விழுந்தால் இரண்டு புள்ளி, தொலைவிலிருந்து போட்டால் மூன்று. எதிரி தப்பாட்டம் ஆடினால் நமக்குத் தண்ட வீச்சு. அது விழுந்தால் ஒரு புள்ளி. சமமாக முடிந்தால் கூடுதல் ஐந்து நிமிஷம். இவ்வளவு தெரிந்தால் போதும், பட்டிமன்றத்தைத் தொடங்கலாம்.

கடைசி விநாடிக் கட்சி

இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வது: "மூச்சை நிறுத்தி வைக்கிற ஆட்டம்தான் பெரிய ஆட்டம்."

அவர்களுடைய முதல் சாட்சி 1957. கொமரலிங்கத்துப் பெரியவர்களுக்கு அந்த வருஷம் என்றால் அமராவதி அணை ஞாபகம் வரும். அமெரிக்கர்களுக்கு வடக்கு கரோலினாவும் கான்ஸாஸும் மோதிய இறுதி ஆட்டம் ஞாபகம் வரும். கான்ஸாஸ் பக்கத்தில் வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி உயர மலை. ஆட்டத்தை ஆரம்பிக்கும்போது நடுவர் பந்தை மேலே வீச, இரு பக்கத்திலிருந்தும் ஒருவர் எம்பித் தட்ட வேண்டும். அந்த மலைக்கு எதிரே வடக்கு கரோலினா யாரை நிறுத்தியது தெரியுமா? முதலில் களமிறங்கிய ஐவரில் குள்ளமான டாமி கேர்ன்ஸை! எதிரியைத் திகைக்க வைக்கும் குறும்பு. ஒரு முறை கூடுதல் நேரம், இரண்டாம் முறை, மூன்றாம் முறை! ஆறே விநாடி பாக்கி இருக்கையில் ஜோ குவிக் இரண்டு தண்ட வீச்சுகளையும் போட்டார். 54–53. முதல் நாள் இரவு அரை இறுதியிலும் அதே கோஷ்டி மூன்று கூடுதல் நேரம் ஆடித்தான் ஜெயித்திருந்தது!

இரண்டாவது சாட்சி 1992 மார்ச் 28, பிலடெல்பியா நகரம். டியூக்குக்கும் கென்டக்கிக்கும் ஆட்டம். கூடுதல் நேரத்தில் கென்டக்கி 103, டியூக் 102. பாக்கி 2.1 விநாடி. "ஒன்று, இரண்டு" என்று சொல்வதற்குள் முடிந்துவிடும். கிராண்ட் ஹில் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பந்தை வீசினார். கிறிஸ்டியன் லேட்னர் எம்பிப் பிடித்தார், ஒரு தடவை தரையில் தட்டினார், திரும்பினார், எறிந்தார். விழுந்தது! அன்றைக்கு அவர் வளையத்தை நோக்கி எறிந்த பத்தும் விழுந்தன. தண்ட வீச்சு பத்தும் விழுந்தன. விவாதம் எங்கே நடந்தாலும் இந்த ஆட்டத்துக்குத்தான் ஓட்டு அதிகம். ஆனால் அதே ஆட்டத்தில் அவர் கீழே விழுந்த எதிரி ஒருவரின் மார்பில் காலை வைத்தார். "அப்போதே அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும்" என்று கென்டக்கி வீடுகளில் புகைச்சல் இன்னும் ஓயவில்லை. தோற்ற கோஷ்டியின் நான்கு மூத்த மாணவர்களுடைய சட்டைகளையும் கென்டக்கி சர்வகலாசாலை தன் அரங்கின் உச்சியில் மரியாதையாகத் தொங்கவிட்டது.

மூன்றாவது சாட்சி 2016 ஏப்ரல் 4. வில்லனோவாவுக்கும் வடக்கு கரோலினாவுக்கும் இறுதி ஆட்டம். 74–74. பாக்கி 4.7 விநாடி. வில்லனோவாவின் கிறிஸ் ஜென்கின்ஸ் தொலைவிலிருந்து எறிந்த பந்து மணி அடிக்கும்போது விழுந்தது. 77–74. தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பின்னாலுள்ள கதை. ஜென்கின்ஸின் தாய் பெலிசியா கூடைப்பந்து பயிற்சியாளர். மகன் நல்ல சூழ்நிலையில் படிக்க வேண்டுமென்று 2007-ல் அவனைத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒப்படைத்தார். அந்த வீட்டுப் பிள்ளை நேட் பிரிட், தோற்ற வடக்கு கரோலினாவின் ஆட்டக்காரர். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு வெற்றி, மற்றவனுக்குத் தோல்வி. வளர்த்தவர்கள் பார்வையாளர் வரிசையில்! எந்தப் பிள்ளைக்குக் கை தட்டுவது, எந்தப் பிள்ளையைத் தேற்றுவது?

கூட்டக் கட்சி

"அதெல்லாம் சரி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதானே கணக்கு?" என்பது இவர்கள் வாதம்.

1968 ஜனவரி 20. ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் என்ற பிரம்மாண்டமான அரங்கம். கூரை போட்ட அந்த மைதானத்தில் கூடியவர்கள் 52,693 பேர். யு.சி.எல்.ஏ. கோஷ்டி அதுவரை 47 ஆட்டங்களில் தொடர்ச்சியாக ஜெயித்திருந்தது. அதன் தூண் லூ அல்சிண்டர். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். அன்று அவருக்குக் கண்ணில் காயம். எதிரே ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ். அவர் ஒருவரே 39 புள்ளி எடுத்தார். 71–69. வெற்றித் தொடர் அறுந்தது. ஒரு சாதாரண பருவ ஆட்டத்தை அமெரிக்கா முழுவதும் ராத்திரி வேளையில் டெலிவிஷனில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு மாதம் கழித்து யு.சி.எல்.ஏ. 101–69 என்று பழி வாங்கியது வேறு கதை.

1979-ல் மாஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் எதிரெதிரே நின்றார்கள். மாஜிக்கின் மிச்சிகன் ஸ்டேட் 75–64 என்று ஜெயித்தது. டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் எத்தனை பங்கு பார்த்தது என்று கணக்கிட்டால், கல்லூரிக் கூடைப்பந்தில் அந்த இரவை மிஞ்சியது இன்றுவரை இல்லை.

கதவு திறந்த கட்சி

"கூட்டமும் பரபரப்பும் மறுநாளே கலைந்துவிடும், ஆட்டத்துக்குப் பிறகு என்ன மாறியது என்று பாருங்கள்" என்பது மூன்றாவது கட்சி.

மிஸிஸிப்பி ஸ்டேட் வெள்ளையர் மட்டுமே படித்த சர்வகலாசாலை. அதன் கோஷ்டி 1959, 1961, 1962 மூன்று வருஷமும் தன் வட்டாரத்தில் முதலிடம் வந்தது. ஆனால் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அங்கே கறுப்பு இனத்தவரோடு ஆட வேண்டி வருமே! அதை அந்த மாநிலத்து அரசியல்வாதிகள் சகிக்கவில்லை. 1963-ல் மறுபடியும் முதலிடம். சர்வகலாசாலைத் தலைவர் டீன் கால்வர்ட், "இந்தத் தடவை போகத்தான் வேண்டும்" என்றார். உடனே கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். உத்தரவு கைக்கு வந்து சேருமுன் பயிற்சியாளர் ராவோடு ராவாக மாநில எல்லையைத் தாண்டினார். தலைவரும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டார். உபரி ஆட்டக்காரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பி நோட்டம் பார்த்துவிட்டு, உண்மையான கோஷ்டி பின்னால் புறப்பட்டது. சினிமாவில் வந்தால், "கதை விடுகிறார்கள்" என்போம்!

எதிர்க் கோஷ்டி சிகாகோ லயோலா. நம் சென்னை லயோலாவைப் போலவே ஏசுசபையார் கல்லூரி. முதலில் களமிறங்கும் ஐவரில் நால்வர் கறுப்பு இனத்தவர். 1963 மார்ச் 15-ம் தேதி இரு தலைவர்களும், ஜெரி ஹார்க்னெஸும் ஜோ டான் கோல்டும், மைதான நடுவில் கை குலுக்கினார்கள். போட்டோ பல்புகள் பளிச்சிட்ட வேகத்தில் ஹார்க்னெஸ் திகைத்துப் போனாராம். லயோலா 61–51 என்று ஜெயித்து, பிறகு அந்த வருஷக் கோப்பையையும் வாங்கியது. கை கொடுத்த இருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். 2011-ல் கோல்டு இறந்தபோது ஹார்க்னெஸ் அஞ்சலி செலுத்தப் போனார். சவப்பெட்டியின் அருகே அந்தக் கை குலுக்கிய போட்டோதான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1966 மார்ச் 19. டெக்ஸாஸ் வெஸ்டர்ன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் இறுதி ஆட்டத்தில் ஐந்து கறுப்பு இன மாணவர்களை முதலில் இறக்கினார். அதுவரை யாரும் செய்யாத காரியம். எதிரே வெள்ளையர் மட்டுமே அடங்கிய, பல தடவை கோப்பை வாங்கிய கென்டக்கி. முடிவு 72–65, ஹாஸ்கின்ஸ் பக்கம். தெற்கு மாநிலக் கல்லூரிகள் அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. இந்த ஹாஸ்கின்ஸ் ஆரம்பத்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்தவர் என்பது நம் வாசகிகளுக்கு உபரித் தகவல்.

பெண்கள் பக்கம்

மூன்று கட்சியும் பேசி முடித்தாயிற்று. ஒரு பெண்ணின் பெயராவது ஆட்டக்காரர் பட்டியலில் வந்ததா? அதனால்தான் நான்காவது கட்சியை நானே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

1893-ல் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை முதன்முதலாகக் கல்லூரி மாணவிகளை ஆட விட்டார். பெண்களுக்குக் களைப்பு வந்துவிடும் என்று பயந்த காலம். ஆகவே மைதானத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். அவரவர் கட்டத்தைத் தாண்டக்கூடாது, பந்தைப் பிடுங்கக்கூடாது. ஆண்கள் பார்க்கவே கூடாது!

1896 ஏப்ரல் 4-ம் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஸ்டான்போர்டு மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் மோதினார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் எதிரெதிரே ஆடிய முதல் ஆட்டம் அதுதான். சுமார் எழுநூறு பெண்கள் பார்த்தார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டான்போர்டு ஜெயித்தது. எத்தனைக்கு எத்தனை தெரியுமா? 2–1! ஜென்கின்ஸ் எறிந்த அந்தக் கடைசி விநாடிப் பந்து விழுந்தது, இதற்குச் சரியாக நூற்றிருபது வருஷம் கழித்து, அதே தேதியில்.

இனி என் முக்கியமான சாட்சி. பென்ஸில்வேனியாவில் இம்மாகுலாட்டா என்று ஒரு சிறிய பெண்கள் கல்லூரி இருந்தது. கன்யாஸ்திரீகள் நடத்தியது. கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம் 1967-ல் எரிந்து போயிற்று. காத்தி ரஷ் என்ற இளம் பெண் பயிற்சியாளராக வந்தார். சம்பளம் வருஷத்துக்கு 450 டாலர். மாணவிகள் ஆடியது மடிப்பு வைத்த கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு.

1972 மார்ச். பெண்கள் கல்லூரிகளுக்கு முதல் தேசியப் போட்டி. இல்லினாய் மாநிலத்துக்குப் போக வேண்டும்; பணமில்லை. மாணவிகள் பல் துலக்கும் பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். அப்படியும் எட்டுப் பேருக்குத்தான் பயணச் செலவு தேறியது. விமானத்தில் இடம் காலி இருந்தால் ஏறிக்கொள்ளும் மலிவு டிக்கெட்! ஒரு வாரம் முன்னால்தான் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே யார்? அதே வெஸ்ட் செஸ்டர். இந்தத் தடவை 52–48, இம்மாகுலாட்டாவுக்கு வெற்றி! அதோடு நிற்கவில்லை. 1973, 1974 இரண்டு வருஷமும் கோப்பை அவர்களுக்கே. அவர்கள் ஆடும் இடங்களில் கன்யாஸ்திரீகள் இரும்பு வாளிகளைத் தட்டி உற்சாகப்படுத்துவது வழக்கமாயிற்று. ஒரு மாணவியின் தகப்பனார் இரும்புக் கடைக்காரர். வாளிகள் அவர் உபயம்.

1972 ஜூன் மாதத்தில், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. 1975-ல் இம்மாகுலாட்டா நியூயார்க்கின் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஆடியபோது ஏறத்தாழ 12,000 பேர் வந்தார்கள். கோஷ்டியின் நட்சத்திரம் தெரஸா ஷாங்க் பிற்காலத்தில் பயிற்சியாளராகி, 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் கோஷ்டியை நடத்திச் சென்றார்.

கூட்டக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2024-ல் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் டெலிவிஷனில் பார்த்தார்கள். அதே வருஷத்து ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1½ கோடிக்கும் குறைவு. பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் பார்க்கக்கூடாதென்று கதவைச் சாத்திய தேசத்தில் இது நடந்தது!

தீர்ப்பு

திறமைக்கு 1992. தைரியத்துக்கு 1963, கோர்ட்டு உத்தரவுக்குத் தப்பி வந்து ஆடிய அந்த மிஸிஸிப்பிப் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு 1972-க்குத்தான். மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் அரங்கம், சர்வகலாசாலைப் பணம், பத்திரிகை, டெலிவிஷன் என்று ஏதோ ஒன்று துணை நின்றது. இந்த எட்டுப் பெண்களுக்கு இருந்தவை பிரஷ் விற்ற காசும் ஒரு பயிற்சியாளரும்தான். அடுத்து வந்த பெண்கள், "எங்களுக்கு ஏன் மைதானம் இல்லை?" என்று கேட்பதற்கு இந்த ஆட்டம் ஒரு காரணமாக நின்றது.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. நம் பக்கத்து ஊர்களில் பெண் குழந்தை ஏழாவது எட்டாவது வரையில் ஓடி ஆடுகிறாள். அதற்குப் பிறகு, "பெரியவளாகிவிட்டாய், இனிமேல் என்ன ஆட்டம்?" என்று வீட்டிலே ஒரு குரல் கிளம்புகிறது. பெரும்பாலும் அது அப்பாவின் குரல் அல்ல. அம்மாவோ, அத்தையோ, அப்பத்தாவோதான். சாயந்தரம் மைதானம் முழுக்கப் பையன்கள். பெண்ணுக்கு வீட்டு வேலை. பிறகு மில் வேலை, அல்லது கல்யாணம்.

வாய்ப்புக் கொடுத்தால் நம் பெண்கள் சோடை போகிறவர்களா? சென்னைப் பெண் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கோயம்புத்தூரிலே நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கு ஆண்களும், சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்குப் பெண்களும் மோதும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பல வருஷமாகப் பெயர் பெற்றது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டின் பெயரில் பெண்களுக்கு ஒரு கோப்பை! உடுமலைப்பேட்டையில் விசாலாட்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. கொமரலிங்கத்துப் பெண் காலையில் பஸ் ஏறினால் காலேஜ் கைக்கெட்டும் தூரம்தான்.

முழு மைதானத்துக்கு 92 அடி நீளமும் 49 அடி அகலமும் வேண்டும். ஆரம்பத்துக்குப் பாதி இருந்தாலே போதும்; பக்கத்துக்கு மூன்று பேர் ஆடலாம். நெல் ஊரிலே சிமெண்டுக் களத்துக்குப் பஞ்சமா? அறுவடை முடிந்தால் களம் சும்மாதானே கிடக்கிறது? ஒரு கம்பம், பத்தடி உயரத்தில் ஒரு வளையம், ஒரு பந்து. அதோடு, சாயந்தரம் ஐந்து மணியிலிருந்து ஆறரை மணி வரை களம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஊரில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு. இதில் கடினமானது அந்தக் கடைசி ஒன்றுதான். அதை ஆரம்பிக்க வேண்டியவர்கள் தாய்மார்கள்.

உங்கள் ஓட்டு எந்த ஆட்டத்துக்கு? இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். மகள் என்ன சொல்கிறாள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.